கீழூர் வரை அழைத்துச் செல்லும் சுற்றுலா: என் மதிப்பீடு

புதுச்சேரியைச் சுற்றிக் காட்டுகிறோம் என்பவர்களில் பெரும்பாலோர் ஆயி மண்டபத்தையும் பிரெஞ்சுத் தெருக்களையும் காட்டியதோடு நிறுத்திவிடுவார்கள். காரைக்கால்காரியான எனக்கு அது போதவில்லை. பிரெஞ்சு ஆட்சி எப்படி முடிந்தது என்று பேத்திக்குக் காட்ட வேண்டும். அதனால், காரோடு வழிகாட்டியையும் அனுப்பும் ஒரு சிறு நிறுவனத்தில் பதிவு செய்தேன். வில்லியனூரைத் தாண்டி, இந்தியாவோடு இணைவது பற்றி வாக்கெடுப்பு நடந்த கீழூர் வரை போவதாக அவர்கள் சொன்னதுதான் காரணம்.

வந்த பெண் நன்றாகப் பேசினாள். கடற்கரைச் சாலைக்குப் பெயர் தந்த அரசியல் தலைவர் எதுவார் குபேர், முதலில் பிரெஞ்சுக்காரர் பக்கம் நின்று, 1954 மார்ச்சில் இந்தியாவோடு இணைப்பு என்ற பக்கத்துக்கு மாறியதை ஒளிக்காமல் சொன்னாள். அதற்கே முழு மதிப்பெண் தரலாம்.

கீழூரில்தான் குறை. 1954 அக்டோபர் 18 அன்று அங்கே "மக்கள் வாக்களித்தார்கள்" என்றாள். இல்லையம்மா, வாக்களித்தவர்கள் 178 பேர். சட்டமன்ற உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களும். 170 பேர் இணைப்பை ஆதரித்தார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். பொதுமக்களே நேரடியாக வாக்களித்தது வங்காளத்தில் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த சந்திரநாகூரில், 1949 ஜூனில்: ஆதரவு 7,463, எதிர்ப்பு 114. அந்த வாய்ப்பு புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் கிடைக்கவில்லை. இணைந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் எங்கள் ஊர்ச் சனங்களின் கையில் வாக்குச்சீட்டு வரவில்லை என்பதைப் பிள்ளைகளுக்கு மறைக்கக் கூடாது. நான் சொன்னதும் அவள் மறுக்காமல் குறித்துக்கொண்டாள்; அந்தப் பணிவு பிடித்திருந்தது.

1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவுக்குக் கைமாறியதையும், சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16 வரை இழுத்ததையும் காரிலேயே விளக்கினாள். இந்தியாவும் பிரான்சும் செய்த ஒப்பந்தப்படி விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள ஆறு மாத அவகாசம் இருந்தது. என் பெரியம்மா வீட்டில் அண்ணன் பிரான்சைத் தேர்ந்தார், தம்பி இந்தியராக இருந்தார். இதைப் பேத்தி கண்ணிமைக்காமல் கேட்டாள்.

கார் சுத்தம், ஓட்டுநர் நிதானமானவர், சாப்பாடு சுமார். கீழூர் நினைவிடத்தில் கால் மணி நேரத்திலேயே கிளம்பச் சொன்னது மட்டும் எனக்குச் சம்மதமில்லை. வெள்ளை நகரத்துக் கடைகளுக்கு ஒதுக்கும் ஒரு மணி நேரத்தை இங்கே கொடுங்கள். குபேர் இந்தியக் கொடியை உயர்த்திய நெட்டப்பாக்கத்தையும் சேர்த்தால், காரைக்காலிலிருந்து என் தங்கைகளையும் கூட்டி வருகிறேன்.