காம்பு வாளி: கன்றுக்கு வாங்கலாமா?

கன்றுக்குப் பால் கொடுக்கும் காம்பு வாளியைத் தாராளமாக வாங்கலாம். கம்பியில் மாட்டக் கொக்கி, அடியில் ரப்பர் காம்பு, பக்கவாட்டில் லிட்டர் கோடு, அவ்வளவுதான் பொருள். வாங்கும்போது வாளியைவிடக் காம்பைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும்.

கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் கட்டுத்தறியில் இருப்பவை ஜெர்சி கலப்பின மாடுகள். மடியில் ஊட்டவிட்டால் கன்று எவ்வளவு குடித்தது என்பது தெரியாது. சங்கத்துக்குப் பால் ஊற்றும் அவசரத்தில், கறந்தது போக மிஞ்சியதுதான் கன்றுக்கு என்றாகிவிடுகிறது. விலா எலும்பு துருத்திய கன்றுகளைப் பார்த்தால் எனக்கு மனது பொறுக்காது. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் என்பது கணக்கு. 30 கிலோ கன்றென்றால் ஒரு நாளைக்குக் காலையும் மாலையும் சேர்த்து 3 லிட்டர். அந்தந்த வேளைக்கான கோடு வரை ஊற்றிவிட்டால் கன்றின் பங்கில் யாரும் கை வைக்க முடியாது.

அதைவிடப் பெரிய நன்மை, கன்று சப்பிக் குடிப்பது. சப்பும்போது உணவுக்குழாயின் முனையிலுள்ள பள்ளம் குழாயாக மூடிக்கொண்டு, மாட்டின் நான்கு வயிற்று அறைகளில் பாலைச் செரிக்கும் நான்காம் வயிற்றில் நேராகச் சேர்க்கிறது. அகலப் பாத்திரத்தில் தலையைக் கவிழ்த்து மடமடவென்று குடித்தால் அது சரியாக மூடாமல், பால் முதல் வயிற்றில் விழுந்து புளித்துப்போகலாம். இடப்பக்கம் உப்பி, களிமண் போல ஒட்டுகிற சாணம் போடும் கன்றுகளைக் கவனித்தால் புரியும். காம்பு வாளியில் கன்று கழுத்தை நீட்டி, வாயோரம் நுரை தள்ள, வாலை ஆட்டிக்கொண்டு நிதானமாகக் குடிக்கிறது. பால் தீர்ந்ததும் வாளியை எடுத்துவிடாதீர்கள். சிறிது நேரம் வெறும் காம்பையே சப்பட்டும். சப்பும் ஆசை தீராத கன்றுதான் பக்கத்துக் கன்றின் காதையும் தொப்புளையும் சப்பப் போகிறது.

பிறந்த கன்றுக்கு இந்த வாளி வேண்டாம். நிற்கத் தடுமாறும் கன்றுக்குப் புட்டிதான் சரி. முதல் இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போயாக வேண்டும். மாட்டினத்தில் தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி கருப்பையில் கன்றுக்குக் கிடைப்பதில்லை, சீம்பால் வழியாகத்தான் வருகிறது. ஒரு நாள் கடந்தால் குடல் அதை ஏற்காது. இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. சீம்பாலைக் கறந்து அக்கம்பக்கத்துக்குத் திரட்டுப்பால் கிண்டக் கொடுப்பதெல்லாம் கன்று வயிறு நிறைந்த பிறகுதான்.

குறை என்று பார்த்தால், எனக்குக் கிடைத்த வாளியின் காம்பு வெயிலில் சீக்கிரமே வெடித்துவிட்டது. காம்புக்குப் பின்னாலுள்ள வால்வில் பாலாடை தங்குகிறது. அதைக் கழற்றிக் கழுவாவிட்டால் கழிச்சல் நிச்சயம். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசிவிட்டு, பிறகு சுடுதண்ணீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைக்கிறேன். எடுத்தவுடன் சுடுதண்ணீர் ஊற்றினால் பால் ரப்பரில் படிந்து ஒட்டிக்கொள்ளும். கன்று மெதுவாகக் குடிக்கிறதே என்று சிலர் காம்பின் துளையைக் கத்தியால் பெரிதாக்குகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், பால் மூச்சுக்குழாயில் போய் நுரையீரல் கெட்டுவிடும். வாளியைத் தொங்கவிட்டால் பால் தானாக ஒழுகக் கூடாது, சப்பினால்தான் வர வேண்டும்.

பால் மறக்கடிக்க இந்த வாளியை நம்ப முடியாது. அந்த வேலையைக் கன்றுத் தீவனம்தான் செய்யும். இரண்டாம் வாரத்திலிருந்து ஒரு கைப்பிடி தீவனமும் நல்ல தண்ணீரும் பக்கத்திலேயே இருக்கட்டும். தானியம் புளித்து உண்டாகும் அமிலங்களால்தான் முதல் வயிறு வளர்கிறது. தொடர்ந்து மூன்று நாள் ஒரு கிலோ தீவனம் தின்ற பிறகே பாலைப் படிப்படியாகக் குறைக்கிறேன்.

வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் மாற்றுக் காம்பு தனியாகக் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். கிடைக்காது என்றால் வேறு கடை பாருங்கள். கிடைத்தால் வாளியோடு இரண்டு காம்பு கூடுதலாக வாங்கி, வெயில் படாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.