லீவு நாளில் வாடகைக் கார் எடுக்கிறீர்களா? டிக்கியின் அடித்தட்டைத் தூக்கிப் பாருங்கள்

தேசிய விடுமுறையோடு சனி, ஞாயிறும் சேர்ந்து வந்ததால், நண்பர்கள் நான்கு பேர் செல்ஃப் டிரைவ் கார் ஒன்றை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பினோம். பார்த்த அருவியைப் பற்றி எழுத ஆசைதான். ஆனால் அருவியைவிட அதிக நேரம் நாங்கள் பார்த்தது ஒரு டயரை.

கார் எடுக்கப் போனபோது இன்னும் விடியவில்லை. எங்களுக்குப் பின்னால் நீண்ட வரிசை. கவுண்டரில் இருந்தவர் "எல்லாம் செக் பண்ணியாச்சு சார்" என்று தாளை நீட்ட, கையெழுத்துப் போட்டுவிட்டேன். டிக்கியில் பைகளைத் திணித்தோமே தவிர, அடித்தட்டைத் தூக்கிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

இரண்டாம் நாள் மலைப்பாதையில் பின் டயர் போனது. தட்டைத் தூக்கினால் ஸ்டெப்னி இல்லை. ஒரு குட்டிக் கம்ப்ரசரும், ஓட்டையை அடைக்கும் திரவப் பாட்டிலும் மட்டும் இருந்தன. அது குற்றமில்லை, இப்போது பல கார்கள் அப்படித்தான் வருகின்றன. ஆனால் அந்தத் திரவம் தரையில் படும் பகுதியில் ஆணி குத்திய அளவு ஓட்டையைத்தான் அடைக்கும். எங்களுக்குக் கிழிந்தது பக்கவாட்டில். போதாக்குறைக்குப் பாட்டிலே காலாவதி ஆகியிருந்தது!

டயரைச் சுற்றி மெல்லிய வெடிப்புகள். பக்கவாட்டில் 'டாட்' (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் 3214. முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 2014ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் பிறந்த டயர்! உடனே படம் எடுத்து வைத்தேன். இந்தப் பயணத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

உதவி எண்ணில் "இன்று விடுமுறை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், பில்லைக் கொடுத்தால் பணம் தருவோம்" என்றார்கள். நான்கு மணி நேரம் காத்திருந்து, இழுவை வண்டி பிடித்து, சொந்தக் காசில் புது டயர் போட்டோம். (அன்று மாலை போக நினைத்திருந்த அருங்காட்சியகம் லீவுக்குப் பூட்டியிருந்ததாம். அந்த வகையில் நஷ்டமில்லை.)

காரைத் திருப்பி விடும்போதும் அலுவலகம் பூட்டியிருந்தது. சொன்னபடி சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தோம். நான்கு நாள் கழித்து மெயில்: பம்பரில் கீறல், டயர் "வேறு பிராண்ட்", இரண்டுக்கும் டெபாசிட்டில் பிடித்தம். பில்லுக்குப் பணமும் கிடையாதாம். ஒப்பந்தத்தை அப்போதுதான் முழுதாகப் படித்தேன். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் மூன்றுக்கும் காப்பீடு இல்லை. சாவியைப் பெட்டியில் போட்ட பிறகும், ஊழியர் வந்து பார்க்கும்வரை வண்டிக்கு நாமே பொறுப்பு. பூட்டிய அலுவலகத்தின் வாசலில் இரவெல்லாம் நின்ற காருக்கு!

முதல் நாள் கிளம்பும்போது நண்பன் காரில் சாய்ந்து எடுத்த செல்ஃபியில் அந்தக் கீறல் தற்செயலாக விழுந்திருந்தது. அதை அனுப்பியதும் கீறலுக்குப் பிடித்த பணம் சத்தமில்லாமல் திரும்பி வந்தது. டயரின் வயதைக் கேட்டு மூன்று மெயில் போட்டும் பதில் இல்லை. டெபாசிட் கட்டியது கிரெடிட் கார்டில் என்பதால், அந்த நான்கு இலக்கப் படத்தையும் பில்லையும் சேர்த்து வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன்.