திருகோணமலையில் மின்கிற்றார் வயரிங்: பெயர்ப்பலகை இல்லாத ஒரு கடையின் வேலை

மத்திய வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில், வானொலிகளையும் கோயில் ஒலிபெருக்கிகளையும் திருத்தும் சிறிய கடையொன்று இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. அங்கிருப்பவர் கிற்றார் வாசிக்கத் தெரியாதவர். ஆனாலும் என் மின்கிற்றாரின் உள்வேலையை அவரளவு கவனமாக வேறெவரும் செய்ததில்லை என்பதால், அந்த வேலையை அதன் குறைகளோடு சேர்த்து இங்கே விவரமாக எழுதுகிறேன்.

என்னுடையது 1954 இல் வெளிவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற மின்கிற்றாரின் அமைப்பைப் பின்பற்றிய பழைய கிற்றார்: தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் ஒற்றைச் சுருள் பிக்அப் மூன்று, ஒலியளவுக் குமிழ் ஒன்று, தொனிக் குமிழ் இரண்டு. தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கும்போது ஒலியளவைப் பாதியாகக் குறைத்தால், வாயைப் பொத்திக்கொண்டு பேசுவதுபோலத் தந்திகளின் ஒலி மங்கிவிடும். தொனிக் குமிழோ கடைசிச் சிறு திருப்பத்தில் மட்டுமே வேலை செய்யும். போதாததற்கு, எந்தக் குமிழைத் தொட்டாலும் கரகரப்பு.

திறந்து பார்த்தபோது, வயர் செருகும் துளையின் உலோக நாக்கில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. இரு புறமும் கடல் சூழ்ந்த ஊரில் இது வியப்பில்லை. அதைச் சுத்தம் செய்து, குமிழ்களின் உள்ளே துப்புரவுத் திரவம் விட்டதும் கரகரப்பு நின்றது. அதோடு வேலையை முடித்துக் காசு வாங்கியிருக்கலாம். ஆனால் அவர் மின் அளவுகளை அளக்கும் பல்மானியை (மல்டிமீற்றர்) எடுத்தார். “பேர எழுதினத நம்ப வேணாம் தம்பி, அளந்து பார்ப்பம்” என்றார். ஒலியளவுக் குமிழின் கீழிருக்கும், திருப்பத்திருப்ப மாறும் தடையில் 500 கிலோ ஓம் என்று பொறித்திருந்தது; அளந்தபோது 460 தான் காட்டியது. இவ்வகைத் தடைகளில் 20 வீதம் வரை கூடிக்குறைவது வழமையே. ஆயினும் ஒற்றைச் சுருள் பிக்அப்களுக்கு வழக்கமாக வைப்பது 250 கிலோ ஓம்; தடை கூடினால் உயர்ந்த ஒலிகள் தூக்கலாகக் கேட்கும். என் கிற்றார் எப்போதும் சற்றுக் கீச்சென்று ஒலித்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. தொனித் தடைகள் இரண்டும் ‘பி’ குறியிட்டவை, அதாவது திருப்பும் அளவுக்குச் சமமாக, நேர்கோட்டு முறையில் மாறுபவை. தொனிக்கு காது உணரும் விதத்துக்கேற்ப மாறும் ‘ஏ’ குறியிட்ட மடக்கை வகையே பொருந்தும் என்று சொல்லி, 250 கிலோ ஓம் தடைகளைக் கொழும்பிலிருந்து வரவழைத்தார். வந்தவை இரண்டே இரண்டு. ஆதலால் ஒலியளவுத் தடையை மாற்றாமல், அதன் இரு வெளிமுனைகளுக்கும் இடையே 470 கிலோ ஓம் நிலையான தடையியொன்றைச் சமாந்தரமாக இணைத்தார். பிக்அப்புக்குத் தெரியும் சுமை இப்போது ஏறத்தாழ 232 கிலோ ஓம்; கீச்சொலி அடங்கிவிட்டது.

நான் மிகவும் மதிப்பது அடுத்து அவர் செய்த காரியத்தைத்தான். தொனிக் குமிழ்கள் இரண்டுக்கும் பொதுவாக, உயர்ந்த ஒலிகளைக் குறைப்பதற்கென்று இருந்த பழைய கொள்ளளவியில் (கப்பாசிற்றர்) 104 என்று இருந்தது. 10 இன் பின்னால் நான்கு பூச்சியம், அதாவது 1,00,000 பிக்கோபரட், 0.1 மைக்ரோபரட். அதைக் கழற்றி, அந்த இடத்திலிருந்து இரண்டு வயர்களை வெளியே எடுத்து, முனைகளில் முதலைக் கவ்விகளை மாட்டி, ஒவ்வொரு கொள்ளளவியாகக் கவ்வச் செய்து என்னை வாசிக்கச் சொன்னார். 0.1 இல் குமிழை முழுதாக மூடினால் சேறு போன்ற ஒலி. வழக்கமான 0.047 நன்றாகவே இருந்தது; 0.022 இல் மூடிய நிலையிலும் சுரங்கள் பிரிந்து கேட்டதால் அதையே தெரிந்தெடுத்தேன். அதே 0.022 அளவில் மலிவான பீங்கான் கொள்ளளவியையும் பொலியெஸ்டர் கொள்ளளவியையும் மாற்றி மாற்றிக் கேட்டோம். என் காதுக்கு வேறுபாடு தெரியவில்லை. எண்ணெயில் தோய்த்த தாள் கொள்ளளவிக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்க எண்ணியிருந்த எனக்கு அந்த அரைமணி நேரம் பெரிய உதவி.

ஒலியளவைக் குறைக்கும்போது ஏற்படும் மங்கலுக்குக் காரணம் குமிழ் மட்டுமல்ல, வெளியே போகும் வயரும்தான். மீற்றருக்கு ஏறத்தாழ 100 பிக்கோபரட் என்று கொண்டால், 5 மீற்றர் வயர் 500 பிக்கோபரட் கொள்ளளவியாகிவிடும். தடையின் நடுநிலையில் அது சுமார் 2,800 ஹேட்ஸுக்கு மேற்பட்ட ஒலியைத் தின்னத் தொடங்கும். இதற்கு மருந்தாக, உயர்ந்த ஒலிகள் தடையைச் சுற்றிப் போகும்படி, ஒலியளவுத் தடையின் உள்வரும் முனைக்கும் வெளிச்செல்லும் முனைக்கும் இடையே 0.001 மைக்ரோபரட் கொள்ளளவியை வைத்தார். முதலில் அதை மட்டும் வைத்ததால் தாழ்ந்த ஒலியளவில் ஒலி மெலிந்து கூர்மையாகிவிட்டது. பிறகு 150 கிலோ ஓம் தடையியைச் சமாந்தரமாகச் சேர்த்தபின் சமநிலை வந்தது. குமிழைத் திறக்கும்போது ஒலி முன்பைவிடச் சற்று விரைவாக ஏறுகிறது. ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது.

குறைகள் இரண்டு. ஒலியளவுத் தடையையும் 250 ஆக மாற்றியிருந்தால் மங்கலே பாதியாகக் குறைந்திருக்கும். மூன்றாவது தடை வரும்வரை காத்திருக்கச் சொல்லியிருக்க வேண்டும். மற்றது, தந்திகள் தாங்கி நிற்கும் பாலத்துக்குப் போகும் புவித்தொடுப்பு வயரை மீண்டும் பற்றாசு பிடிக்க மறந்துவிட்டார். வீட்டுக்கு வந்து தந்திகளைத் தொட்டும் இரைச்சல் அடங்காததால் மறுநாள் திரும்பிப் போனேன். தவறை உடனே ஒப்புக்கொண்டு, காசு வாங்காமல் சரிசெய்து, பாலத்திலிருந்து துளைவரை தொடர்ச்சி இருப்பதைப் பல்மானியில் காட்டியும் விட்டார்.

முழு வேலைக்கும் எட்டு நாட்கள் சென்றன. அதில் பெரும்பகுதி கொழும்புப் பொதிக்காகக் காத்திருந்தது. புதிய இணைப்பை ஒரு தாளில் வரைந்து, அளந்த பெறுமானங்களை ஒவ்வொன்றின் பக்கத்திலும் எழுதிக் கையில் தந்தார். அங்கே போகிறவர்கள் கிற்றாரோடு தாங்கள் வழமையாகப் பாவிக்கும் வயரையும் கட்டாயம் கொண்டுபோக வேண்டும். நான் அதை மறந்து, கடையிலிருந்த ஒரு மீற்றர் வயரில் வாசித்துப் பார்த்ததால்தான் 0.001 சரியா என்பதை வீட்டில் மறுபடியும் சோதிக்க வேண்டியதாயிற்று.