பனிப்பாவாடையைச் சுருட்டிக் கட்டிய பிறகு: நான்கு பருவ டென்ட், மூன்று வருடப் பாவனை

போன கிழமை பண்டாரவளைத் தையல்காரர் ஒருவரிடமிருந்து டென்ட் திரும்பி வந்தது. மழையைத் தடுக்கும் மேல்துணியின் அடியோரத்தைச் சுற்றிவர எட்டு இலாஸ்டிக் வளையங்கள், இற்றுப்போன இரண்டு முழ ஓரத்துக்குப் புது நைலோன், முன்வாசல் சிப்புக்குப் புது ஓட்டி. அதே கிழமை இரண்டு பேர், இதே டென்டின் விலை இறங்கியிருக்கிறது, எடுக்கலாமா என்று கேட்டுவிட்டார்கள். இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பனிக்காலத்தையும் தாங்கச் செய்த நான்கு பருவ டென்ட். இருவர் படுக்கும் ஜியோடெசிக் வகை, அதாவது கம்பிகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டி நிற்கும் கூடு. நாலு அலுமினியக் கம்பி. உள்ளறை வலையில்லாத முழுத்துணி. மேல்துணி, வெளியே சிலிக்கனும் உள்ளே பொலியூரிதேனும் பூசிய நைலோன். நிறை நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மற்றதெல்லாம் பெட்டியில் அச்சடித்திருக்கும்.

கோபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கோபம் முழுக்க அந்தப் பாவாடையின் மேல். மேல்துணியின் கீழ் விளிம்பில் ஒரு சாண் அகலத்துக்கு ஒரு துணி மடிந்து தரையில் கிடக்கும். பனிமலைகளில் அதன் மேல் பனியை அள்ளிக் குவிப்பார்கள். டென்ட் பறக்காது, பொடிப்பனியும் அடியால் உள்ளே நுழையாது. அங்கே அது உயிர்காக்கும் துணி. எங்கள் இலங்கை மலைநாட்டில் குவிக்கப் பனி ஏது? ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் புல்நுனியில் உறைபனி வெள்ளையாகப் படிவதோடு சரி. இங்கே அந்தத் துணி செய்கிற வேலை ஒன்றுதான்: தரைக்கும் மேல்துணிக்கும் இடையில் காற்று நுழைய வேண்டிய வழியை அடைப்பது.

காற்று நுழையாவிட்டால் டென்ட் வியர்க்கும். இருவர் படுத்தால் மூச்சிலும் தோலிலும் இரவு முழுக்க வெளியேறும் ஈரம் ஏறக்குறைய அரை லீற்றர். உலர்குளிரில் அந்த ஈரத்தின் பெரும்பகுதி உள்ளறைத் துணியைத் தாண்டி வெளியே போய்விடும். 2,100 மீற்றர் உயரத்தில், பத்துப் பாகை குளிரில், வெளிக்காற்றே ஈரத்தால் நிரம்பியிருக்கும்போது அது எங்கே போகும்? மேல்துணியின் உட்பக்கத்தில் முத்துமுத்தாகக் கட்டும். வானம் தெளிந்த இரவுகளில் இன்னும் மோசம். துணி தன் சூட்டை வானத்துக்கு விட்டுச் சுற்றியுள்ள காற்றை விடவும் குளிர்ந்துபோகும், வெளியிலும் பனித்துளி, உள்ளேயும் பனித்துளி. விடிய நாலு மணிக்கு ஒரு காற்று வந்து டென்டை உலுப்பினால் அவ்வளவும் உள்ளறைக் கூரையில் சொட்டும். டென்ட் ஒழுகுகிறது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்களில் பலர் கொண்டுபோவது இந்த ஈரத்தைத்தான். சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஈரம் தையலோரமாக மட்டும் கோடாக இறங்கினால் அது ஒழுக்கு. துணி முழுக்க ஒரே சீராகப் பூத்திருந்தால் அது வியர்வை.

தையல்காரர் வைத்த எட்டு வளையங்களும் இதற்காகத்தான். பாவாடையை உட்பக்கமாகச் சுருட்டி, வளையத்தை மேலே இழுத்து, ஒரு மரப் பொத்தானில் மாட்டிவிடலாம். தரையிலிருந்து பத்து, பன்னிரண்டு சென்ரிமீற்றர் இடைவெளி கிடைக்கும். வெளிப்பக்கமாகச் சுருட்ட வேண்டாம், சுருளுக்குள் மழைநீர் தேங்கிக் கனத்து மேல்துணியைக் கீழே இழுக்கும். காற்றில்லாத இரவில் நாலு பக்கமும் சுருட்டலாம். மழையோடு காற்றும் அடித்தால் காற்று வரும் பக்கத்தை இறக்கி, மற்றப் பக்கத்தை மட்டும் சுருட்ட வேண்டும். கூரையிலுள்ள இரண்டு மேல்வாய்களையும் மழையென்றாலும் மூடக் கூடாது. கீழே புகும் காற்று மேலே வெளியேற வழி இல்லாவிட்டால் சுருட்டியதில் பயனில்லை. காற்றுக்கு மறைவான வாசலின் சிப்பை மேலிருந்து ஒரு சாண் திறந்து வைத்தால் இன்னும் நல்லது.

இவ்வளவு செய்தும் வியர்வை அடியோடு நிற்காது, பாதிக்கு மேல் குறையும். மிச்சத்தை இடமும் பழக்கமும் பார்த்துக்கொள்ளும். குளிர்க்காற்று தண்ணீரைப் போலப் பள்ளத்தில் இறங்கித் தேங்கும், சமவெளியில் உறைபனி முதலில் விழுவதும் பள்ளத்தில்தான். ஓடைக்கரையையும் குழிவையும் விட்டு, சரிவில் கொஞ்சம் ஏறிப் போட வேண்டும். மரநிழல் பனித்துளியைத் தடுக்கும், ஆனால் யூக்கலிப்டஸ் மரத்தடி வேண்டாம், அது காற்றில்லாமலே கிளையை முறித்துப் போடும். நனைந்த மழைக்கோட்டையும் காலுறையையும் உள்ளறைக்குள் கொண்டுவராமல் ஒரு பையில் கட்டி வாசல் திண்ணையில் வைக்கவும். படுக்கைப் பையின் கால்மாடு சுவரில் முட்டினால் அது காலைக்குள் ஊறிவிடும், அதன் மேல் ஒரு மழைக்கோட்டைப் போர்த்திவிடவும். குளிருக்கென்று உள்ளே அடுப்பைப் பற்றவைப்பது மட்டும் எந்த நிலையிலும் வேண்டாம். ஆவி சேர்வதை விடுங்கள், கார்பன் மொனொக்சைட்டுக்கு வாடையே இல்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

இரத்தம் குடிக்கும் அட்டை விஷயத்திலும் பாவாடை வஞ்சகம்தான் செய்கிறது. ஈரமான அந்த மடிப்புக்குள் இரவு முழுக்க அட்டைகள் ஒதுங்கும். காலையில் கவனிக்காமல் சுருட்டிக் கட்டினால் வீடுவரை வரும். மடிக்கும் முன் ஓரத்தை ஒரு குச்சியால் நீவிவிட வேண்டும். அட்டை ஏறாதிருக்கச் சவர்க்காரத்தைச் சப்பாத்தில் பூசலாம், துணியில் பூச வேண்டாம். சவர்க்காரம் ஒட்டிய இடத்தில் மழைநீர் வழுக்கி ஓடாமல் ஊறத் தொடங்கும்.

பிறகு ஏன் அதை வெட்டி எறியவில்லை? நக்கிள்ஸ் மலைத்தொடரில் ரிவர்ஸ்டன் பக்கம் மேட்டில் ஜூன் மாதத் தூறலைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். அங்கே மழை மேலிருந்து விழுவதில்லை, பக்கவாட்டில் வரும், சில நேரம் சரிவைத் தடவிக் கீழிருந்தும் ஏறும். பனிக்காலம் தவிர்ந்த பருவங்களுக்கான சாதாரண மூன்று பருவ டென்டில் அது மேல்துணிக்கு அடியால் புகுந்து, உள்ளறையின் வலையைத் துளைத்து, முகத்தில் நீராவி போலப் படியும். இந்தப் பாவாடையைக் காற்றுப் பக்கம் இறக்கிக் கல் வைத்தால் ஒரு துளி வராது. ஆகவே வெட்டவில்லை, வளையம் வைத்தேன்.

கம்பிகளைப் பற்றிப் பாராட்டைத் தவிர எதுவும் இல்லை. நாலு கம்பியும் ஒன்றையொன்று பல இடங்களில் குறுக்கே வெட்டுவதால், தாங்கலில்லாத பெரிய துணிப்பரப்பு எங்குமே கிடையாது. ஒரு பக்கத்தில் அடிக்கும் காற்றின் பாரம் எல்லாக் கம்பிக்கும் பங்காகிப் போகிறது. சுரங்க வடிவ டென்ட் நிறை குறைவு, இடமும் அதிகம், ஆனால் வால்பக்கம் காற்றைப் பார்த்திருக்க வேண்டும். மலைகளுக்கிடையிலுள்ள அப்புத்தளை இடைவெளி போன்ற இடங்களில் தென்மேற்குக் காற்று முகட்டில் மோதிச் சுழலும், இரவில் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. அங்கெல்லாம் இந்த டென்டுக்குள் படுத்தால் துணி படபடக்கும் சத்தமே பெரிதாக இருக்காது. மூன்று வருடத்தில் எதிர்பாராமல் கிடைத்த சந்தோஷம் அந்த அமைதி. காற்றிரவில் தூக்கத்தைக் கெடுப்பது குளிரை விடச் சத்தம்தான்.

கம்பியைக் கெடுப்பதும் காற்றை விடக் கைகள்தான். துணி உறைக்குள் கம்பியைத் தள்ளிச் செலுத்த வேண்டும், இழுக்கக் கூடாது. இழுத்தால் மூட்டுகள் கழன்று, பாதி பொருந்திய மூட்டில் பாரம் விழுந்து விளிம்பு வெடிக்கும். மடிக்கும்போது நடுவிலிருந்து தொடங்கினால் உள்ளே ஓடும் இலாஸ்டிக் இருபுறமும் ஒரே அளவு இழுபடும். முறிந்தால், டென்டோடு வரும் சிறு குழாயை முறிவின் மேல் நடுவாக ஏற்றி இரு முனையையும் டேப்பால் சுற்றினால் அந்தப் பயணம் முடியும்வரை தாங்கும்.

டென்ட் பறக்கிறது என்றால் குற்றம் பெரும்பாலும் முளையில். சமவெளியின் கறுத்த, பஞ்சு போன்ற மண்ணில் கூட வரும் 18 சென்ரிமீற்றர் முளைகள் வெண்ணெயில் குத்திய கத்திதான். 24க்குக் குறையாத, ஒய் வடிவ முளையாகத் தனியே வாங்குங்கள். நக்கிள்ஸ் முகடுகளில் நாலு விரல் மண்ணுக்குக் கீழே பாறை, முளையே இறங்காது. அங்கே கயிற்றை நீளமாக விட்டு, ஒரு முழம் தள்ளி முழங்கைப் பருமன் கல்லொன்றைச் சுற்றிக் கட்டி, அந்தச் சிறுகல்லுக்கு முன்னால், கயிற்றின் மேல் ஒரு பெரிய கல்லை வைக்க வேண்டும். கயிறு இழுக்க இழுக்கச் சிறுகல் பெரிய கல்லில் போய் முட்டி இறுகும். தேயிலை மலையில், தோட்டத்தாரிடம் கேட்டுவிட்டுப் போடுகிறவர்கள், மழைநீர் வடியும் கானுக்குக் குறுக்கே போட வேண்டாம். காய்ந்து கிடக்கும் கான் அரைமணி மழையில் ஓடையாகிவிடும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்டிருக்கும் நாட்களில் எந்த டென்டும் வேண்டாம், வீட்டிலேயே இருங்கள்.

நைலோன் நனைந்தால் நீளும். மாலையில் மத்தளம் போல இழுத்துக் கட்டியது இரவு எட்டு மணிக்குத் தொய்ந்துபோய் உள்ளறையில் ஒட்டும், ஒட்டிய இடத்தில் ஈரம் உள்ளே வரும். படுக்கும் முன் ஒருமுறை எல்லாக் கயிறும் இறுக்க வேண்டும். பொலியெஸ்டர் மேல்துணி இவ்வளவு நீளாது.

மன்னிக்க முடியாத குறை ஒன்று உண்டு. உள்ளறையை முதலில் நிறுத்தி, அதன் மேல்தான் மேல்துணியைப் போட முடியும். உலர்ந்த பனிமலையில் பரவாயில்லை. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் வட்டவளை போன்ற பக்கத்தில், கம்பி ஏற்றி முடிப்பதற்குள் தொட்டி போன்ற அந்தத் தரைத்துணியில் தண்ணீர் நிற்கும். இருவர் மேல்துணியைப் பிடித்திருக்க, மூன்றாமவர் அடியில் புகுந்து கம்பி ஏற்றுவதே ஒரே வழி. இரண்டு பேர் டென்டுக்கு மூன்று பேர் வேண்டும்! வாங்கப் போகிறவர்கள், மேல்துணியை முதலில் நிறுத்தும் வகையா என்பதைத்தான் கடையில் முதலாவதாகக் கேட்க வேண்டும்.

பூச்சு மூன்றாம் வருடத்தில் கெட்டது. உள்பக்கம் பிசுபிசுத்து, புளித்த வாடை வந்து, தையல் நாடா செதிலாக உரிந்தது. ஈரமும் சூடும் சேர்ந்தால் பொலியூரிதேன் பூச்சு தானாகவே உடைந்துபோகும், பாவிக்காமல் பைக்குள் இறுக்கி வைத்தால் இன்னும் சீக்கிரம். திருத்தும் வழி: உரிந்த நாடாவை முழுக்கக் கழற்றி, பார்மசியில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பழந்துணியில் நனைத்துப் பிசின் போகும்வரை துடைத்து, நன்றாகக் காயவிட்டு, பொலியூரிதேன் பசையை மெல்லிசாக இரண்டு முறை பூச வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் காய வேண்டும். மடிக்கும் முன் முகப்பவுடர் தூவினால் ஒன்றோடொன்று ஒட்டாது. வெளிப்பக்கத் தையலுக்கு இந்தப் பசை பிடிக்காது, சிலிக்கனில் சிலிக்கன்தான் ஒட்டும். ஹாட்வெயார் கடையில் வினாகிரி வாடையடிக்கும் தெளிந்த சிலிக்கன் டியூப்பை வாங்கி, மினரல் டர்பன்டைனில் தேன் பதத்துக்குக் கரைத்துச் சின்னத் தூரிகையால் பூசலாம்.

இனிக் கேள்விக்குப் பதில். வாங்க வேண்டாம். விலை பாதியானாலும் வேண்டாம். சிவனொளிபாத மலைக்கு டென்டே தேவையில்லை. நேபாளத்துக்குப் போகிறவர்கள் காத்மண்டுவின் தமேலில் வாடகைக்கு எடுக்கலாம். பெப்ரவரியில் ஹோர்ட்டன் சமவெளியில் அனுமதி எடுத்து இரண்டு இரவு தங்க, அலுமினியக் கம்பியும் தரையிலிருந்து ஒரு சாணுக்குள் இறங்கும் மேல்துணியும் உள்ள மூன்று பருவ டென்ட் போதும், இரண்டு கிலோவோடு முடிந்துவிடும். மிச்சக் காசுக்கு நல்ல படுக்கைப் பையும் தரைப்பாயும் வாங்குங்கள். அங்கே குளிர் முதலில் ஏறுவது முதுகால்தான்.

ஜூன், ஜூலையில் முகட்டில் தங்கியே ஆக வேண்டுமென்றால் என்னுடையதை இரவல் தருகிறேன். விற்க மாட்டேன். திருப்பித் தரும்போது நிழலில் உலர்த்தி, பாவாடையை அவிழ்த்துவிட்டு, கூட வரும் பைக்குள் திணிக்காமல் பழைய தலையணை உறையில் தளர்வாகப் போட்டுத் தரவும். முளை பதினாறு, எண்ணிப் பார்த்துக்கொள்ளவும்.