பழைய டெஸ்க்டாப்புக்கு எந்த எஸ்.எஸ்.டி: சாட்டாவா, என்.வி.எம்.இ-யா?

காட்பாடியில் எங்கள் ஜெராக்ஸ் கடை டெஸ்க்டாப் மூன்றாம் தலைமுறை ஐ3, எச்61 மதர்போர்டு. காலையில் ஷட்டரைத் தூக்கி சுவிட்சைப் போட்டுவிட்டு, வாசலில் தண்ணீர் தெளித்து, சாமி படத்துக்குப் பூ வைத்து முடித்தாலும் விண்டோஸ் வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டோடு நிற்கும் காலேஜ் பிள்ளைகள் எத்தனை நாள் பொறுப்பார்கள்?

முதலில் 4 ஜிபி ரேமை 8 ஆக்கிப் பார்த்தேன். ப்ரௌசரில் நாலு டேப் கூடுதலாகத் திறந்தது, அவ்வளவுதான். கோளாறு ஹார்ட்டிஸ்கில். சின்னச் சின்ன ஃபைலுக்கெல்லாம் அதன் ஹெட் கிராமபோன் முள் மாதிரி தட்டின்மேல் ஓடித் தேட வேண்டும். ஒரு தடவைக்கு 10 மில்லிசெகண்டு என்று வைத்தாலும் விண்டோஸ் ஏறுவதற்குள் ஆயிரக்கணக்கான தேடல். சிப்பிலேயே சேமிக்கிற எஸ்.எஸ்.டி-யில் ஓடுகிற பாகமே கிடையாது.

சரி, அதில் இரண்டு வகை: கேபிளில் மாட்டும் சாட்டா, போர்டிலேயே செருகும் என்.வி.எம்.இ. எதை வாங்குவது? அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்தால் என்.வி.எம்.இ-தான். நொடிக்கு 3,500 எம்பி என்பதெல்லாம் அதில் சாதாரணம். சாட்டா 550 பக்கம் நின்றுவிடும். எச்61-இல் பழைய சாட்டா 2 மட்டும்தான் என்பதால் அதிலும் பாதி. எண்ணில் நானும் மயங்கினேன். போர்டில் அதைச் செருகும் எம்.2 ஸ்லாட் இல்லாததால் பி.சி.ஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் செருகும் கார்டையும் சேர்த்து வாங்கினேன். "சூப்பரா ஓடும்ணா" என்றார் விற்றவர். ஓடியது, பழைய டிஸ்கிலிருந்து விண்டோஸ் திறந்த பிறகு. விண்டோஸுக்கு முன்னால் ஓடி டிஸ்கைத் தேடும் பயாஸின் கண்ணில் அது படவே இல்லை. அந்தக் காலத்துப் போர்டுகள் பலவற்றுக்கு என்.வி.எம்.இ-யிலிருந்து பூட் ஆகத் தெரியாது.

குறுக்கு வழி உண்டு. விண்டோஸைத் தொடங்கிவைக்கும் பூட்லோடரை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதைச் செருகியே வைத்திருக்க வேண்டும். வீட்டில் சரி. ஜெராக்ஸ் கடையில் பென்டிரைவைச் செருகி உருவுவதுதானே பிழைப்பே! ஓடும்போது உருவினால் ஒன்றும் தெரியாது. கரண்ட் போய் வந்தால்தான் வினை. ஒருநாள் நான் பாகாயம் போயிருந்தேன். "அண்ணா, கம்ப்யூட்டர் செத்துப்போச்சு" என்று கடைப் பையன் போன். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து பார்த்தால் பென்டிரைவைக் காணோம். அரை மணி கழித்து ஒரு பெண் வந்து, "இதுல என் ஃபைல் இல்லண்ணா" என்று நீட்டினாள்.

அந்த வாரமே சாட்டா வாங்கினேன். டேட்டா கேபிள் பெட்டியோடு வரவில்லை, தனியாகத்தான் வாங்க வேண்டியிருந்தது. பொருத்த ப்ராக்கெட் இல்லையென்றால் டபுள் டேப் போதும். அதிர்ந்தால் கெட இதில் என்ன இருக்கிறது? பயாஸில் சாட்டா மோடு ஏ.எச்.சி.ஐ என்று இருக்கிறதா பாருங்கள். விண்டோஸ் போடும்போது பழைய ஹார்ட்டிஸ்கைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பூட் ஃபைல் அதில் போய் உட்கார்ந்துகொண்டு, பின்னாளில் அதைக் கழற்றினால் மெஷின் எழாது. பாதி வேகம்தான் என்றேனே, அப்படியும் அரை நிமிஷத்துக்குள் திரை வந்துவிடுகிறது. ப்ரிண்ட் கொடுக்கிற வேலைக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

இது வெயிலூர் வேறு. என்.வி.எம்.இ சூடேறினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஷீட் கூரைக் கடையில் அக்னி நட்சத்திரத்தில் அது எப்படி ஓடியிருக்குமோ, நான் வைத்துப் பார்க்கவில்லை.

அந்த என்.வி.எம்.இ இப்போது வீட்டுக் கம்ப்யூட்டரில் தொந்தரவில்லாமல் ஓடுகிறது. போர்டிலேயே எம்.2 ஸ்லாட் இருந்து, அது என்.வி.எம்.இ-யை ஏற்குமென்றால் யோசிக்காமல் அதையே வாங்குங்கள். வீடியோ எடிட்டிங் செய்கிறவர்களுக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியுமாம். எனக்கு அதில் பழக்கமில்லை.

கடையில் சாட்டா போட்டு இரண்டு வருஷம்தான் ஆகிறது, ஆயுளைப் பற்றி அடித்துச் சொல்ல முடியாது. ஹார்ட்டிஸ்க் சாகுமுன் பெரும்பாலும் கரகரவென்று எச்சரிக்கும், எஸ்.எஸ்.டி சொல்லாமல் கொள்ளாமல் போய்விடலாம். அதனால் பழைய 500 ஜிபியைத் தூக்கிப்போடவில்லை. ராத்திரி கடை சாத்துமுன் பில் கணக்கெல்லாம் அதில் ஒரு காப்பி.