‘டெஸ்ட் பண்ணின’ வால்வு வாங்கும் நெல்லைக்காரர்கள் கவனத்துக்கு

பாளையங்கோட்டை, டவுன், அம்பாசமுத்திரம் பக்கம் தாத்தா காலத்து வால்வு ரேடியோவை (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் வால்வு போட்டது) வைத்துக்கொண்டு மல்லுக்கட்டும் ஆட்கள் கொஞ்சம் பேர் இருக்கிறோம். ஜங்ஷன் பக்கம் பழைய உதிரி விற்கும் ஒருவர், ‘டப்பா பிரிக்காத ஸ்டாக்’ என்று சொல்லி ஸ்பீக்கரை ஓட்டும் ஈ.எல். 84 வால்வை 1,500 ரூபாய்க்கு என் தலையில் கட்டினார். உஷாராக இருங்கள்.

கடையில் டெஸ்டரில் போட்டுக் காட்டினார். முள் பச்சையில் போய் நின்றது. வீட்டிலும் முதலில் கணீரென்றுதான் பாடியது. சில நாளிலேயே சத்தம் கம்மி, பாட்டு கரகரப்பு. வால்வில் எலக்ட்ரானை வெளிவிடும் பகுதி கேத்தோடு. அதோடு சேர்ந்த ரெசிஸ்டரில் மீட்டரை வைத்தேன். என் செட்டில் அது 135 ஓம். 7 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். 3 வோல்ட்தான் காட்டியது, அதாவது வால்வில் ஓட வேண்டிய கரண்டில் பாதிகூட ஓடவில்லை. கழற்றிப்போட்ட பழைய வால்வே தேவலை.

இது வறுத்தெடுத்த வால்வு, அதாவது தேய்ந்ததை அதிகச் சூடு கொடுத்துத் தற்காலிகமாகத் தேற்றியது என்பது என் கணிப்பு. கேத்தோடு என்பது நிக்கல் குழாய். அதன்மேல் பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடுகளின் வெள்ளைப் பூச்சு. 1904-இல் ஜெர்மன் இயற்பியலாளர் வேனெல்ட் கண்ட வழி இது. சுமார் 750 டிகிரி சூட்டில், நிக்கலில் சிறிதளவு கலந்திருக்கும் மக்னீசியம், சிலிக்கான் போன்றவை ஆக்சைடிலிருந்து பேரியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டே இருக்கும். அந்தப் பேரியம் மேற்பரப்பில் இருக்கும்வரைதான் எலக்ட்ரான் சுலபமாக வெளியே வரும். தேய்ந்த வால்வின் 6.3 வோல்ட் ஹீட்டருக்கு (கேத்தோடைச் சூடாக்கும் கம்பி) 8, 9 வோல்ட் கொடுத்தால் மிச்சம்மீதிப் பேரியம் மேலே வந்து முள்ளைப் பச்சைக்கு ஏற்றும். அப்புறம் அதுவும் ஆவியாகிவிடும். அந்தக் காலத்தில் டி.வி. பிக்சர் டியூபுக்கும் இப்படி பூஸ்ட் கொடுப்பார்கள். சொல்லிவிட்டுச் செய்தால் தப்பே இல்லை.

திரும்பக் கொண்டுபோனால், “அண்ணாச்சி, உச்சியில வெள்ளி பளபளன்னு இருக்கு பாருங்க, இதுவா கெட்ட வால்வு?” என்கிறார். அந்த வெள்ளி கெட்டர். அதுவும் பேரியம்தான், ஆனால் மிச்சக் காற்றை விழுங்குவதற்காகக் கண்ணாடியில் படிய வைத்தது. காற்று புகுந்தால் வெளுத்துவிடும். பளபளப்பாக இருந்தால் உள்ளே வெற்றிடம் சரி, அவ்வளவுதான். கேத்தோடின் நிலைமை அதில் தெரியாது.

ஊசிகளைப் பாருங்கள். சாக்கெட்டில் பல தடவை போட்டு எடுத்திருந்தால் நீளவாக்கில் கீறல் விழுந்திருக்கும். கண்ணாடியில் உள்ள அச்சை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அசல் வால்விலேயே விரல் பட்டால் அழிகிற அச்சு உண்டு.

உருப்படியான சோதனை வேறு. ஹீட்டர் கம்பியில் தொடராக 1 ஓம், 2 வாட் ரெசிஸ்டரைச் சேர்த்தால் சூடு கொஞ்சம் குறையும். நல்ல கேத்தோடில் எலக்ட்ரான் தேவைக்கு மேலேயே கிடப்பதால் கேத்தோடு வோல்ட் அதிகம் அசையாது. தேய்ந்ததென்றால் மளமளவென்று இறங்கும். செட்டுக்குள் 250 வோல்ட் ஓடுகிறது, பழக்கமில்லாதவர்கள் கை வைக்க வேண்டாம். விற்பவரையே செய்து காட்டச் சொல்லுங்கள்.

நானும் சொன்னேன். “டெஸ்டர் காட்டினது போதாதா வே?” என்று டப்பாவை என் பக்கம் தள்ளிவிட்டார். பணம் வரவில்லை.