ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து கிங்ஸ் கேன்யன்: டிரெய்லரோடு எந்த வழி?

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியிலுள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரிலிருந்து கிங்ஸ் கேன்யன் என்ற பாறைப் பள்ளத்தாக்குக்குப் போக மூன்று வழிகள் உண்டு. ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் தெற்கே 200 கி.மீ. இறங்கி, எர்ல்டண்டாவில் மேற்கே திரும்பி, லாசெட்டர் நெடுஞ்சாலை, லுரிட்ஜா சாலை என்று முழுக்கத் தாரிலேயே போனால் சுமார் 475 கி.மீ. எர்ல்டண்டாவுக்கு முன்பே எர்னஸ்ட் ஜைல்ஸ் சாலையில் குறுக்கே வெட்டினால் 330 கி.மீ. பக்கம் வரும். தெற்கே போகாமல் மேற்கே ஹெர்மன்ஸ்பர்க் போய், அங்கிருந்து மெரீனி சாலையைப் பிடித்தாலும் அதே 330தான். வெறும் ஃபோர் வீல் டிரைவ் வண்டியென்றால் இதில் பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை. பின்னால் ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள கேம்பர் டிரெய்லர், அதாவது கூடாரமும் சமையலறையும் அடங்கிய இழுவண்டி, வரும்போதுதான் கணக்கு மாறுகிறது.

முதலில் குறுக்கு வழியைத் தள்ளிவிடுகிறேன். எர்னஸ்ட் ஜைல்ஸ் சாலையில் மண் பாதை ஏறக்குறைய 100 கி.மீ. வரைபடத்தில் பார்த்தால் 145 கி.மீ. மிச்சம். ஆனால் அந்த நூறையும் டிரெய்லரோடு மணிக்கு 50, 60க்கு மேல் ஓட்ட முடியாது. மண் தொடங்கும் இடத்தில் இறங்கி, வண்டிக்கும் டிரெய்லருக்கும் டயர்களில் காற்றைக் குறைக்க வேண்டும். தாரைத் தொட்டதும் கம்ப்ரஸரை எடுத்து அத்தனைக்கும் திரும்ப அடிக்க வேண்டும். இதற்கே முக்கால் மணி நேரம் போய்விடும். கூட்டிக் கழித்தால் தார்ச்சாலையில் போனவரைவிட மிஞ்சிப்போனால் கால் மணியோ இருபது நிமிடமோதான் முன்னால் போய்ச் சேருவீர்கள். வழியில் பார்க்க என்ன இருக்கிறது என்றால், ஹென்பரி விண்கல் பள்ளங்கள். சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓர் இரும்பு விண்கல் சிதறி விழுந்து பத்துப் பன்னிரண்டு குழிகளைத் தோண்டியிருக்கிறது. பெரியது 180 மீட்டர் அகலம். பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் அது நெடுஞ்சாலையிலிருந்து 15 கி.மீ. அளவில்தான் இருக்கிறது. பார்த்துவிட்டுத் தாருக்கே திரும்பிவிடலாம். மழை பெய்தால் இந்தச் சாலை சேறாகி மூடப்படும், அது வேறு.

ஆக, உண்மையான போட்டி தாருக்கும் மெரீனிக்கும்தான்.

தார்ச்சாலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அதுதான் அதன் பலம். மணிக்கு 90 என்று நிதானமாகப் போனால் ஓட்டும் நேரம் ஐந்தே கால் மணி; சாப்பாடு, டீசல் எல்லாம் சேர்த்து ஆறரை, ஏழு. எர்ல்டண்டா ரோட்ஹவுஸில் (நெடுஞ்சாலையோர பெட்ரோல் பங்க்) டாங்கை நிரப்பிக்கொள்ளலாம். கவனம் வேண்டியது ரோடு டிரெயின் எனப்படும் நீண்ட லாரிகளிடம். மூன்று டிரெய்லர்களை இழுத்துக்கொண்டு 53 மீட்டர் நீளத்துக்கு வரும். நீங்களும் இழுத்துக்கொண்டு போகும்போது அதை முந்துவதற்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் காலிச் சாலை தேவைப்படும். முந்தாமல் இருப்பதே உத்தமம். வண்டிக்கு வண்டி பேச உதவும் யூஹெச்எஃப் ரேடியோவில் 40ஆம் சேனலைத் திறந்து வையுங்கள், உங்களை முந்தப்போகிறார் என்றால் பின்னால் வரும் லாரி டிரைவரே சொல்லுவார். லுரிட்ஜா சாலையில் கேன்யனுக்குச் சுமார் 35 கி.மீ. முன்பே கிங்ஸ் கிரீக் ஸ்டேஷன் வந்துவிடும். அங்கேயே கூடாரம் போட்டுவிடலாம் என்பது களைத்துப்போனவர்களுக்கு ஒரு வரம்.

மெரீனி வேறு ரகம். ஹெர்மன்ஸ்பர்க் வரை 130 கி.மீ. நல்ல தார். அந்த ஊரை அங்கே ந்தாரியா என்பார்கள். 1877இல் லுத்தரன் மிஷனரிகள் தொடங்கிய குடியிருப்பு. வெள்ளையடித்த பழைய கல் கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன. மெக்டோனல் மலைகளையும் வெள்ளை யூகலிப்டஸ் மரங்களையும் நீர்வண்ணத்தில் வரைந்து உலகப் புகழ் பெற்ற ஆல்பர்ட் நமட்ஜிரா 1902இல் பிறந்த ஊரும் இதுதான். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அதைத் தாண்டினால் வலப்பக்கம் தூரத்தில் ட்னோரலா தெரியும்: 14 கோடி ஆண்டுகளுக்கு முன் வானத்திலிருந்து விழுந்த ஒன்று உண்டாக்கிய பள்ளத்தின் எஞ்சிய வளையம், மேற்கு அரெண்டே பழங்குடி மக்களுக்குப் புனித இடம். தார்ச்சாலையில் ஏழு மணி நேரம் போனாலும் இதற்கு ஈடாக ஒன்றும் கண்ணில் படாது.

அதற்கு விலை உண்டு. 150 கி.மீ. அளவில் மண் சாலை. கொஞ்சம் கொஞ்சமாகச் சாலைப் பணி நடக்கிறது என்றாலும், பெரும்பகுதி இன்னும் வரிவரியாக மேடு விழுந்த செம்மண்தான். மோசமான நாளில் இட்லித் தட்டின்மேல் ஓட்டுவது போல இருக்கும். இந்தக் குலுக்கலில் வண்டியைவிட முதலில் அடி வாங்குவது டிரெய்லர். ஷாக் அப்சார்பர் சூடேறி எண்ணெய் கசியும், சக்கர பேரிங் தளரும், குழாய் இணைப்புகளில் தண்ணீர் ஒழுகும். காற்றை 26, 28 பிஎஸ்ஐக்கு இறக்கி, ஒவ்வொரு மணி நேரமும் நிறுத்தி, சக்கரத்தின் நடுவில் கை வைத்துச் சூடு பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் பேரிங் பேசுகிறது என்று அர்த்தம்.

பலர் எதிர்பார்க்காத இன்னொன்று பின்கண்ணாடி. வண்டியின் பின்சக்கரம் தெறிக்கும் கல் டிரெய்லரின் முகப்பில் மோதித் திரும்பி வந்து கண்ணாடியை உடைக்கும். டிரெய்லரின் முன்பக்கம் சாய்வாகக் கல்தடுப்பு வலை கட்டியிருந்தால் கல் கீழே விழும். தூசியும் அப்படித்தான், சமையல் தட்டு உள்ள பின்கதவின் ரப்பர் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் அரிசிப் பைக்குள் செம்மண் வந்துவிடும். எல்லாவற்றையும் மூடியுள்ள டப்பாக்களில் போடுங்கள்.

மெரீனி பழங்குடி மக்களின் நிலத்தின் வழியே போகிறது. ஆகவே சில டாலருக்கு ஓர் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் சுற்றுலா மையத்திலேயே கிடைக்கும். வழியில் தங்கக் கூடாது, சாலையை விட்டு உள்ளே இறங்கவும் கூடாது. கேம்பர் டிரெய்லர் வைத்திருப்பவர் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மற்ற இடங்களில் இருட்டினால் ஓரமாக நிறுத்திப் படுத்துவிடலாம். இங்கே கிளம்பினால் போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும். ஜூன், ஜூலையில் மாலை ஆறு மணிக்கே சூரியன் விழுந்துவிடும். அப்புறம் கங்காரு, காட்டுக் குதிரை, ஒட்டகம் எல்லாம் சாலைக்கு வரும். போன் சிக்னலை நம்பாதீர்கள்.

எரிபொருளில் மிச்சம் பிடிக்கலாமா? இழுவையோடு தாரில் நூறு கிலோமீட்டருக்கு 16 லிட்டர், மெரீனியில் 18 என்று வைத்துக்கொண்டால், 76 லிட்டருக்கு எதிராக 59. பதினேழு லிட்டர் டீசலுக்காக ஒரு டயரைப் பணயம் வைப்பதில் அர்த்தமில்லை. மெரீனியில் போவதானால் காட்சிக்காகப் போங்கள், சிக்கனத்துக்காகப் போகாதீர்கள்.

என் தேர்வு: டிரெய்லர் மண்சாலைக்கென்றே கட்டியது, காலை ஏழரைக்குள் கிளம்ப முடியும், முந்தின சில நாட்களில் மழை இல்லை, இந்த மூன்றும் சரியென்றால் போகும்போது மெரீனி, திரும்பும்போது தார். குழந்தைகளோடு போகிறவர்கள், தரைத்துணி விரித்துக் கம்பு நட்டு அரை மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டிய பழைய ரக டிரெய்லர் வைத்திருப்பவர்கள், இரண்டு பக்கமும் தாரிலேயே போகலாம். மாலை நான்குக்கே போய்ச் சேர்ந்து, மறுநாள் கேன்யனின் விளிம்பைச் சுற்றி வரும் நடைக்குக் காலில் தெம்போடு இருக்கலாம். அந்த நடை 6 கி.மீ., தொடக்கத்திலேயே செங்குத்துப் படிகள். வெப்பம் 36 டிகிரியைத் தொடும் என்று அறிவித்திருந்தால் காலை ஒன்பதுக்கு மேல் கிளம்ப விடமாட்டார்கள். வாடகை டிரெய்லர் என்றால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். மண்சாலையில் காப்பீடு செல்லாது என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும், அப்படி இருந்தால் உங்களுக்கு ஒரே வழிதான்.